முதியோர் குடியிருப்பில் யார் தனித்துப் போகிறார் என்பதைப் பதிவேட்டில் எப்படிப் பிடிப்பது?

மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் ஆக்டிவிட்டி பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருப்பதாகவும், நிர்வாகம் மாதாமாதம் 'பங்கேற்பு சதவீதம்' கேட்பதாகவும், எந்த நிகழ்ச்சி வைத்தாலும் அதே பதினைந்து இருபது முகங்கள்தான் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களை எப்படி வரவைப்பது, இதையெல்லாம் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. நீங்கள் எதைக் குறித்து வைக்கிறீர்களோ அதை நோக்கித்தான் உங்கள் ஊழியர்களும் வேலை செய்வார்கள். தலையை எண்ணினால் ஹாலை நிரப்புவதே வேலை ஆகிவிடும். மதிய இசை நிகழ்ச்சிக்கு ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அவர் முழு நேரமும் கண்ணை மூடித் தூங்குகிறார், முடிந்ததும் திரும்பத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவருக்கு ஒரு டிக். அதே நேரத்தில் மாடியில் தன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, பக்கத்து அறைக்காரரோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை. மாதக் கடைசியில் முதலாமவர் 'நன்றாகப் பங்கேற்கிறார்', அந்த அம்மா 'ஒதுங்கியே இருக்கிறார்' என்று அறிக்கை போகும். இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன உதவி செய்ய முடியும்?

நான் பதிவேட்டின் முதல் கட்டத்தில் வைக்கச் சொல்வது வேறு ஒரு கேள்வி: இவர் நாளை காலை கீழே இறங்கி வரவில்லை என்றால், ஊழியர்களைத் தவிர, 'எங்கே அவரைக் காணோம்?' என்று யார் கேட்பார்? ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு பெயர் எழுத முடிகிறதா பாருங்கள். சிலருக்கு நாலு பெயர் வரும், சிலருக்கு ஒன்று வரும், ஒன்றே போதும். பெயர் எழுத முடியாமல் காலியாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல். அந்த இருபது பேர் கூட்டத்திலேயே ஓரிருவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்ப்பீர்கள், ஆச்சரியப்பட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவர் குழுவும் 148 ஆய்வுகளைச் சேர்த்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. 2020-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட, டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளின் பட்டியலிலும் சமூகத் தொடர்பு குறைவது ஒன்றாக இருக்கிறது. நிர்வாகத்திடம் நேரமோ ஆளோ கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, தனித்து இருப்பதும் தனிமையில் வாடுவதும் ஒன்றில்லை. ஆள் தொடர்பு எத்தனை என்பதை வெளியிலிருந்து எண்ணிவிடலாம், மனசுக்குள் இருக்கிற வெறுமையை அவர் சொன்னால்தான் தெரியும். ராபர்ட் வைஸ் என்பவர் 1973-லேயே அந்த வெறுமையையும் இரண்டாகப் பிரித்தார், நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, தான் சேர்ந்திருக்க ஒரு வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. இந்தப் பிரிப்பு நம் வேலைக்கு மிகவும் உதவும். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த துணையை இழந்தவர் எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவார், ஆனாலும் ராத்திரி அழுவார். அவருக்கு இன்னொரு குழு விளையாட்டு தேவையில்லை, தினமும் அரை மணி நேரம் மனசுவிட்டுப் பேச ஒரே ஒரு ஆள் தேவை. அதே போல உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொன்ன ஒன்றும் இருக்கிறது: வயதாக ஆக மனிதர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களே சுருக்கிக்கொண்டு, மனசுக்குப் பிடித்த சிலரோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள். ஆகவே அமைதியாக இருக்கிற எல்லோரையும் 'பிரச்சினை' என்று குறித்து வைக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தவர் இங்கேயும் அப்படித்தான் இருப்பார்.

மனசுக்குள் இருப்பதைக் கேட்க ஏற்கெனவே நல்ல கருவிகள் இருக்கின்றன, நீங்களாக ஒரு கேள்வித்தாள் உருவாக்க வேண்டாம். யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தனிமை அளவுகோலின் சுருக்கம் 2004-ல் வந்தது, மூன்றே கேள்வி. பேச்சுத்துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்ட மாதிரி எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது. 'அநேகமாக இல்லை' என்றால் 1, 'சில சமயம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இதில் 'தனிமை' என்ற சொல்லே வராது, அதுதான் இதன் பலம். நேராக 'தனிமையாக இருக்கிறீர்களா' என்று கேட்டால் பாதிப் பேர் 'சேச்சே, அதெல்லாம் இல்லை' என்றுதான் சொல்வார்கள்.

ஆள் தொடர்பைப் பார்க்க ஜேம்ஸ் லப்பன் உருவாக்கிய சமூகத் தொடர்பு அளவுகோலின் 6 கேள்வி வடிவம் போதும். குடும்பத்தைப் பற்றி மூன்று, நண்பர்களைப் பற்றி மூன்று: மாதம் ஒருமுறையாவது பார்ப்பவர் அல்லது பேசுபவர் எத்தனை பேர், அந்தரங்கமான விஷயத்தைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர், உதவி என்று கூப்பிடக்கூடியவர் எத்தனை பேர். 30-க்கு 12-க்குக் கீழே வந்தால் ஆபத்து வட்டம். நண்பர் பகுதியைக் கேட்கும்போது, சொல்லும் பெயர்களில் எத்தனை பேர் இந்தக் குடியிருப்புக்கு உள்ளே இருப்பவர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டாம், ஆனால் உங்களுக்கு வேண்டிய தகவல் அதுதான். கேட்பதை அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள், பிள்ளைகள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே பதில் வரும். குடியிருப்புக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இது போக, துணை இறந்தாலோ, மருத்துவமனை போய் வந்தாலோ, அறை மாறினாலோ, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவர் போய்ச் சேர்ந்தாலோ உடனே ஒருமுறை. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் இழப்பாகவே எண்ணுவதில்லை. சொந்தக்காரர் இறந்தால் எல்லோரும் துக்கம் விசாரிப்பார்கள், மேஜைத் தோழர் இறந்தால் அந்த நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைத்துவிடுவார்கள்.

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் எல்லோருக்கும் செய்ய வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தில் 2023 அக்டோபரிலிருந்து, எவ்வளவு அடிக்கடி தனிமையாகவோ மற்றவர்களிடமிருந்து விலகியோ உணர்கிறீர்கள் என்று ஒரு கேள்வியையே சேர்த்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி இதையும் வழக்கமாகக் கேட்க வேண்டும் என்ற இடத்துக்கு இந்தத் துறை வந்துகொண்டிருக்கிறது.

சரி, தினசரிப் பதிவுக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு பக்கம். மேலே அவருடைய வழக்கமான வாரம் எப்படி இருக்கும் என்று நாலு வரி, கீழே இந்த வாரம் அதிலிருந்து என்ன மாறியது என்று இரண்டு வரி. அவ்வளவுதான். ஒரு பக்கத்தை அப்படியே காட்டுகிறேன்:

"வழக்கம்: செவ்வாய், வியாழன் சீட்டாட்டம், எப்போதும் ஜன்னல் பக்க நாற்காலி. கூட்டாளி 204-ம் அறைக்காரர். காலை உணவுக்கு முதல் ஆளாக வருவார். செய்தித்தாளை ஹாலில் உட்கார்ந்து படிப்பார். இந்த வாரம்: இரண்டு நாளும் சீட்டாட்டத்துக்கு வந்தார், ஆடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். செய்தித்தாளை எடுக்கவில்லை. இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொன்னார்."

வருகைக் கணக்கில் இவர் நூற்றுக்கு நூறு. ஆனால் இந்த இரண்டு வரியைப் படித்த எவருக்கும் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிடும். மற்றவர்களோடு ஒப்பிட்டு இவர் அதிகமா குறைவா என்று பார்ப்பதில் பயன் கிடையாது, அவருடைய வழக்கத்தோடு அவரையே ஒப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் வெளியே வருபவர் அந்த ஒருமுறையும் வராமல் போனால் அது பெரிய மாற்றம். தினமும் மூன்று நிகழ்ச்சிக்கு வருபவர் ஒன்றை விட்டால் ஒன்றும் ஆகிவிடாது. நிகழ்ச்சியில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கும் பெரிய அளவுகோல் தேவையில்லை: வரவில்லை, இருந்தார், கவனித்தார், கலந்துகொண்டார், இன்னொருவருக்கு உதவினார். இந்த ஐந்து சொல் போதும். கூடவே யாரோடு என்று ஒரு பெயர்.

இந்தத் தகவல் எல்லாம் உங்கள் கண்ணில் மட்டும் படாது. அறை சுத்தம் செய்பவருக்கு யார் கட்டிலை விட்டு எழுவதில்லை என்று தெரியும். சாப்பாடு பரிமாறுபவருக்கு யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று தெரியும். முடி வெட்ட வருபவரிடம் மகளிடம் சொல்லாததைக்கூடச் சொல்வார்கள். வாசல் காவலருக்கு யார் மாலை நடையை நிறுத்திவிட்டார் என்று தெரியும். வாரம் ஒருநாள் இவர்களை நிற்க வைத்தே பத்து நிமிடம் கேளுங்கள்: 'இந்த வாரம் யார் வித்தியாசமாக இருந்தார்?' படிவம் நிரப்பச் சொன்னால் எழுத மாட்டார்கள், வாயால் கேட்டால் கொட்டுவார்கள். எழுதுவது உங்கள் வேலை. நான் பார்த்த இடங்களில் நன்றாக நடந்த பதிவு எல்லாமே இந்தப் பத்து நிமிடத்தில் பிறந்ததுதான், விலை உயர்ந்த மென்பொருள் வைத்திருந்த இடங்களிலும் கூட.

ஒருவர் பின்வாங்குகிறார் என்று தெரிந்ததும் நம் கை உடனே புது நிகழ்ச்சி, புது விளையாட்டு என்று தேடப் போகும். அதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். மேலே சொன்ன சீட்டாட்டக்காரருக்குப் பிரச்சினை கண்ணில். இஸ்பேடும் கிளாவரும் அவருக்கு ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை தப்பான சீட்டைப் போட்டு, கூட்டாளி சலித்துக்கொண்டதும், 'நான் இன்றைக்குப் பார்க்கிறேன், நீங்கள் ஆடுங்கள்' என்று ஒதுங்கிவிட்டார். கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். பெரிய எழுத்துச் சீட்டும், மேஜைக்கு மேல் ஒரு நல்ல விளக்கும், கண் மருத்துவரிடம் ஒரு தேதியும் வாங்கினால் ஆள் திரும்ப வந்துவிடுவார். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை ஓவிய வகுப்புக்கு அழைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காது இதைவிடப் பெரிய காரணம். வயதில் வரும் காது மந்தத்தில் உயர்ந்த ஒலிகள் முதலில் போகும், மெய்யெழுத்துகள் மங்கும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அமைதியான அறையில் ஒருவரோடு பேசினால் சமாளித்துவிடுவார், எதிரொலிக்கும் ஹாலில் நாற்பது பேருக்கு நடுவில் ஒன்றுமே புரியாது. அவர் 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்ல மாட்டார், 'அந்தக் கூட்டமெல்லாம் எனக்குப் பிடிக்காது' என்பார். ஆகவே 'ஆர்வமில்லை' என்று எழுதுவதற்கு முன்னால் காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாரா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாலில் பின்னணி இசையை நிறுத்துங்கள். எட்டுப் பேர் மேஜையை நாலு பேர் மேஜையாக்குங்கள்.

மூன்றாவது, கழிப்பறை. யாரும் வாய் திறந்து சொல்லாத காரணம் இது. இதய நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் ஃப்யூரோசமைட் மாதிரி நீர் மாத்திரை, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். காலை ஒன்பதுக்கு மாத்திரை, பத்தரைக்கு உங்கள் நிகழ்ச்சி. அந்த அம்மா எப்படி வருவார்? நிகழ்ச்சிக்கு வராதவர்களின் பட்டியலையும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களின் பட்டியலையும் செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை நேரத்தை மாற்றுவது மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும், ஆனால் நிகழ்ச்சியை மாலைக்கு மாற்றுவதும், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலி போட்டு வைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. வாக்கரும் அப்படித்தான். வழியை அடைக்கிறது என்று ஊழியர்கள் எல்லா வாக்கரையும் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் எழுந்து போக வேண்டுமென்றால் கையை உயர்த்தி ஆளைக் கூப்பிட வேண்டும், நாற்பது பேர் பார்ப்பார்கள். ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அடுத்த முறை வர மாட்டார்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மனச்சோர்வைப் பற்றி யோசிக்க வேண்டும். முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலில் இரண்டாவது கேள்வியே, வழக்கமாகச் செய்த பல காரியங்களையும் ஆர்வங்களையும் விட்டுவிட்டீர்களா என்பதுதான். 5-க்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். பாட்டுக் கச்சேரி வைத்துச் சரிசெய்கிற விஷயமில்லை இது.

இனி, வரவைப்பது எப்படி என்ற கேள்வி. அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே வருகிறவர்களுக்குத்தான் பயன்படும். மற்றவர்களை ஆள் பார்த்து அழைக்க வேண்டும். 'ஐந்து மணிக்கு ஹாலில் நிகழ்ச்சி, வாங்க ஐயா' என்றால் 'பார்க்கலாம்மா' என்ற பதிலோடு முடிந்துவிடும். 'ஐயா, நாளைக்குப் பழைய படங்களை அடுக்கப் போகிறோம், அதில் ரயில் படம் நிறைய இருக்கிறது, நீங்கள் ரயில்வேயில் இருந்தவர், எது எந்தக் காலத்து என்ஜின் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. நானே ஐந்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அரை மணி நேரத்தில் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஏன் வேண்டும் என்பதும், போகிற வழிக்குத் துணையும், பாதியில் எழுந்து வர அனுமதியும் அதில் இருக்கிறது. அந்த அனுமதிதான் பலரை அறையிலிருந்து வெளியே வர வைக்கிறது. அதை அப்படியே காப்பாற்றுங்கள், அரை மணி நேரத்தில் போகலாமா என்று கேட்டால் 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று கெஞ்சாதீர்கள். வேண்டாம் என்று சொன்னாலும் சரி என்று விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வேறொன்றுக்கு அழையுங்கள்.

என் அனுபவத்தில் எல்லா உத்திகளையும்விட ஒருவருக்குப் பொறுப்பு கொடுப்பதுதான் அதிகம் வேலை செய்கிறது. எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது என்ன செய்வது எல்லாம் உங்கள் முடிவு என்று சொல்லி, செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டியவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்க்க வேண்டும் என்றார்கள். இன்னொரு தளத்தில், உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று சொல்லி, கையில் ஒரு செடியைக் கொடுத்து, தண்ணீர் செவிலியர் ஊற்றுவார் என்றார்கள். முதல் தளத்தார் மேலும் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் ஆனார்கள். பிற்பாடு அவர்களில் இறப்பும் குறைவு என்று எழுதினார்கள், ஆனால் ஆட்களின் எண்ணிக்கை சிறியது, அந்த இறப்புக் கணக்கின் மேல் நான் பெரிதாகச் சாய்ந்துகொள்ள மாட்டேன். முதல் பகுதியை மட்டும் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எதற்கும் வராத ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், குடியிருப்போர் நலநிதிக் கணக்கைச் சரிபார்க்கக் கேட்டதும் வெள்ளிக்கிழமைதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார ஆரம்பித்தார், பில்லைக் கொண்டுவருபவர், கூட்டிப் பார்ப்பவர் என்று இன்னும் இருவர் அந்த மேஜைக்குச் சேர்ந்தார்கள். அது எந்த அட்டவணையிலும் 'ஆக்டிவிட்டி' என்று இல்லை. ஒன்றே ஒன்று, பொறுப்பு நிஜமானதாக இருக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுபோக வேண்டும். சும்மா மடித்த துண்டைத் திரும்பப் பிரித்து மடிக்கக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், மனசு நொந்துவிடும்.

தன்னார்வலர்களை, கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வரும் யோசனை உங்களுக்கு இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரிச்சர்ட் ஷுல்ஸ் 1976-ல் ஒரு முதியோர் இல்லத்தில் மாணவர்களை வந்து பார்க்க வைத்தார். எப்போது வருவார்கள் என்று தெரிந்திருந்தவர்களும், எப்போது வர வேண்டும் என்று தாங்களே தீர்மானித்தவர்களும் நன்றாகத் தேறினார்கள், திடீர் திடீரென்று வந்து பார்க்கப்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றதும், தேறிய அந்த இரண்டு குழுவும் சரிந்துவிட்டது, அதை 1978-ல் ஷுல்ஸே எழுதினார். பரீட்சை வந்ததும் காணாமல் போகிற குழுவை விட, மாதம் ஒருமுறை வந்தாலும் தேதி தவறாமல் வருகிற, நிறுத்துவதென்றால் சொல்லி விடைபெறுகிற இரண்டு பேர் மேல். நெதர்லாந்தில் டெவென்டர் நகரத்து ஹ்யூமனிடாஸ் இல்லத்தில் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்து, பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அக்கம்பக்கமாக இருக்கச் சொல்கிறார்கள். அங்கே அந்தப் பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை, அதே நடைபாதையில் குடியிருப்பவர், ராத்திரி விளக்கெரிந்தால் தட்டிக் கேட்கலாம்.

நட்புக்கு நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறவே சேர்ந்து கழித்த நேரம் 50 மணி போல ஆகிறது, நெருங்கிய நட்புக்கு 200-க்கு மேல். அவர் கேட்டது வயதுவந்தவர்களையும் கல்லூரி மாணவர்களையும், முதியோரைத் தனியாக இல்லை, ஆனாலும் கணக்கு நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. மாதம் ஒரு பெரிய விழா வைத்து அறுபது பேரை உட்கார வைப்பதைவிட, அதே ஐந்து பேரை வாரம் மூன்று முறை அதே மேஜையில் சந்திக்க வைப்பது பலன் தரும். அதனால்தான் சாப்பாட்டு மேஜை உங்கள் மிகப்பெரிய நிகழ்ச்சி, தினமும் மூன்று வேளை, ஏற்பாட்டுச் செலவே கிடையாது. யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதைக் காலி நாற்காலியைப் பார்த்து முடிவு செய்யாமல், மொழி, தொழில், சாப்பிடும் வேகம், எந்தக் காது கேட்கும் என்பதுவரை பார்த்துச் செய்யுங்கள்.

நாற்காலி என்றதும், 1958-ல் ராபர்ட் சோமரும் ஹ்யூகோ ராஸும் கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு முதியோர் வார்டில் செய்தது நினைவுக்கு வருகிறது. நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் தோளோடு தோள் வரிசையாகக் கிடந்தன, யாரும் யாரோடும் பேசவில்லை. சின்ன மேஜைகள் போட்டு அவற்றைச் சுற்றி நாற்காலிகளை மாற்றினார்கள். ஆரம்பத்தில் எதிர்ப்பு வந்தது, நாற்காலிகள் திரும்பத் திரும்பச் சுவரோரத்துக்கே போயின. பொறுத்திருந்து பார்த்ததில் சில வாரங்களில் பேச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. உங்கள் ஹாலுக்குப் போய் நாற்காலிகள் எப்படிக் கிடக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தனி. முதல் சில வாரங்களில் எங்கே உட்கார்ந்தார்களோ அதுதான் பெரும்பாலும் நிலைத்துவிடும். 'இது எங்கள் ஆள் இடம்' என்று ஒரு மேஜையில் ஒருமுறை எழுப்பிவிட்டால் அவர் அப்புறம் அறையிலேயே சாப்பிட ஆரம்பிப்பார். இந்த மாதிரி ஒதுக்குதல் வயதானவர்களிடையேயும் நடக்கிறது, பெரியவர்கள் சொந்த விவகாரம் என்று கண்டும் காணாமல் விடாதீர்கள். வந்த அன்றே, அவரோடு சாப்பிட ஒப்புக்கொண்ட ஒரு பழைய குடியிருப்பாளர் வாசலில் நிற்கட்டும். அந்தப் பொறுப்பை, பெயர் எழுத முடியாத காலிக் கட்டத்துக்காரர் ஒருவருக்கே கொடுத்தால் இரண்டு கட்டமும் ஒரே நாளில் நிரம்ப வாய்ப்பு உண்டு.

டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வித்தாள்கள் ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. அங்கே பார்க்க வேண்டியது முகம், கை, கண். எத்தனை நிமிடம் அந்தப் பொருளையோ ஆளையோ கவனித்தார், முகம் மலர்ந்ததா சுருங்கியதா, தானாகக் கை நீட்டினாரா. ஐந்து நிமிடம் முழுசாக ஈடுபட்டால் அதை எழுதுங்கள், எதனால் என்றும் எழுதுங்கள், அடுத்த ஷிஃப்ட் ஊழியர் அதையே கொடுக்கலாம்.

கையில் கட்டும் பட்டை, அறைக்கு அறை சென்சார், எல்லாவற்றையும் வரைபடமாக்கும் செயலி என்று விற்க வருவார்கள். யார் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அது சொல்லும், சண்டை போட்டாரா சிரித்தாரா என்று சொல்லாது. வாங்கினால் நடமாட்டம் குறைந்ததைக் காட்டும் துணைத் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்று அவரிடமே சொல்லி, அவர் சம்மதித்த பிறகு செய்யுங்கள். பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள் என்பதற்காக அப்பா யாரோடு பேசுகிறார் என்பது அவர்கள் திரையில் வரக் கூடாது. உங்கள் காகிதப் பதிவுக்கும் இதே விதிதான், அலமாரிக்குப் பூட்டு வேண்டும்.

நிர்வாகத்துக்கு என்ன கொடுப்பது? அவர்கள் கேட்ட சதவீதத்தைக் கொடுங்கள், ஆனால் மொத்த டிக்கை எண்ணாமல், வாரம் ஒருமுறையாவது ஏதாவது ஒன்றில் கலந்துகொண்ட தனித்தனி ஆட்களை எண்ணுங்கள். முப்பது டிக் வாங்கிய ஒருவர் அங்கே ஒன்றுதான். அதற்குக் கீழே மூன்று வரி: 'எங்கே காணோம்' என்று தேட ஆள் உள்ளவர்கள் போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை; வழக்கம் மாறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் காரணம் தெரிந்தது எத்தனை பேருக்கு; அந்தக் காரணங்களில் நிர்வாகம் சரிசெய்ய வேண்டியது என்ன. விளக்கு, எதிரொலி, கழிப்பறைத் தூரம், மாலையில் ஒரு ஆள் கூடுதல் என்று மூன்றாவது வரி தானாக நிரம்பும். பெயர்கள் அந்த அறிக்கையில் வேண்டாம். ஊழியர்களுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைக்கவும் விடாதீர்கள், வைத்தால் தூங்குகிறவரைத் தள்ளிக்கொண்டு வருவது மறுநாளே ஆரம்பித்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், அடுத்த ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாலின் ஒரு மூலையில் உட்காருங்கள். மேஜைகளை ஒரு தாளில் வட்டம் வட்டமாக வரைந்து, யார் எங்கே என்று பெயர் எழுதி, பேசிக்கொள்கிறவர்களுக்கு இடையில் கோடு போடுங்கள். கோடே விழாத பெயர்களும், தாளிலேயே வராத பெயர்களும் வாரக் கடைசியில் தெரிந்துவிடும். தாளில் வராதவர்களின் அறைக்கு முதலில் போங்கள், செவிலியரையும் கூட்டிக்கொண்டு. கேள்வித்தாள், ஒரு பக்கப் பதிவு எல்லாவற்றையும் அந்தப் பெயர்களிலிருந்தே ஆரம்பியுங்கள், மற்றவர்களுக்கு அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்.